துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுபோன அளவுச் சட்டை

1

போன ஞாயிற்றுக்கிழமை குலசேகரத்திலிருந்து என் தங்கை எமிலி வீடியோவில் கூப்பிட்டாள். வழக்கம்போல முதல் ஐந்து நிமிடம் அவள் வீட்டு மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பாதி முகம் வந்தது. வந்த பாதியும் பதறியது.

"அண்ணா, புருவத்துக்கு மேல என்ன முறிவு, காயமா? ஆராவது அடிச்சாவளா?"

"ஆரும் அடிக்கல. மான் சுடப் போனேன்."

"மானு முட்டிச்சா?"

"இல்ல. தோக்கு முட்டிச்சு."

எங்கள் பக்கத்தில் தோக்கு என்றால் துப்பாக்கி. அவள் செல்போனைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். மறுபடியும் மின்விசிறி. "லில்லி மைனி இருந்தா இதுக்கு சம்மதிப்பாளா? இந்த வயசுல தோக்கும் தூக்கிட்டு அலையணுமா? போலீசு பிடிக்காதா?" என்று குரல் மட்டும் வந்தது.

அவள் கேட்பதிலும் நியாயம் உண்டு. எங்கள் மலையில் மிளா என்கிற பெரிய மான் ஒன்று ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டால் அதைக் கல்லெடுத்து எறியக்கூட ஆள் யோசிப்பான். வனத்துறை ஜீப் வரும், வழக்கு வரும், ஜாமீனுக்கு ஆள் தேட வேண்டிவரும். இங்கே மானைச் சுடுவதற்கு மாதம் குறித்திருக்கிறார்கள், படிவம் அச்சடித்திருக்கிறார்கள், ஆளையே மான் என்று சுட்டுவிடாமலிருக்க ஆரஞ்சு நிறத்தில் சட்டை விற்கிறார்கள். வீடியோவில் இதையெல்லாம் எமிலிக்கு விளக்கி முடியாது. அதனால் எழுதுகிறேன். என் நெற்றியில் இருக்கும் அரைவட்டத் தழும்பு எப்படி வந்தது என்று ஊரில் நாலு பேர் கேட்டால் அவள் இதைக் காட்டட்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பெயர் தங்கராஜ், வயது அறுபத்தொன்று. கனடாவில் சஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு சிறிய ஊர். வாரத்தில் நாலு நாள் ஆஸ்பத்திரிச் சலவை அறையில் வேலை. அதே ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த என் மனைவி லில்லி புஷ்பம் இறந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரே மகள் ஜெனிஷா. வயது இருபத்தாறு. மாகாணத்தின் வடக்குக் கோடியில், ஏழு மணி நேரம் கார் ஓட்டிப் போக வேண்டிய இடத்தில், மின்கம்பம் ஏறுகிற வேலையில் இருக்கிறாள். "பொம்பளப் பிள்ள போஸ்ட்டு ஏறுதா?" என்று எமிலி இன்றுவரை நம்பவில்லை.

2

இங்கே என் நாள் இப்படி: ஐந்து மணிக்கு விழிப்பு. பால் சேர்க்காத கட்டஞ்சாயா. ஆறரைக்கு ஆஸ்பத்திரி. அங்கே எந்திரங்கள் போடுகிற சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. மாலையில் வீடு. குளிர்சாதனப் பெட்டியில் இருப்பதைச் சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டு ஊர்ச் செய்தி பார்ப்பேன். நாகர்கோவிலில் மழையா, குலசேகரத்தில் ரப்பர் விலை என்ன, எல்லாம் தெரியும். என் தெருவில் எதிர்வீட்டுக்காரர் பெயர் போன வருடம்தான் தெரிந்தது. அதுவும் அவர் வீட்டுக்கு வந்த கடிதம் என் பெட்டியில் விழுந்ததால்.

ஜெனிஷா இரண்டு வாரத்துக்கு ஒருதரம் கூப்பிடுவாள். சாப்பிட்டீர்களா, மாத்திரை எடுத்தீர்களா, பனி வாருகிறீர்களா, நெஞ்சு வலிக்கிறதா. நான் நாலுக்கும் பதில் சொல்வேன். பிறகு இருவரும் சும்மா இருப்போம். லில்லி இருந்தபோது அவர்கள் இருவரும் மணிக்கணக்கில் பேசுவார்கள், கடைசியில் "அப்பாட்ட குடுக்கட்டா?" என்று கேட்டு லில்லி போனை என்னிடம் நீட்டுவாள். எனக்குக் கிடைத்தது அந்த மிச்ச நேரம். இப்போது முழு நேரமும் எனக்குத்தான், ஆனால் அதை வைத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

போன ஜூலையில் ஒருநாள் அந்த மௌனத்துக்கு நடுவில் அவள் சொன்னாள்:

"அப்பா, நவம்பர்ல எனக்கு ஒரு வாரம் லீவு உண்டு. மான் சீசன். நீங்க லைசென்ஸ் எடுத்தியன்னா நான் வீட்டுக்கு வாறேன். ரெண்டு பேரும் போவலாம்."

அவள் தமிழ், ஒன்பது வயதில் குலசேகரத்திலிருந்து கிளம்பியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. அம்மாவின் நீட்டலும் இழுப்பும் மாறவில்லை. இடையில் ஆங்கிலம் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

"ஒனக்கு சுடத் தெரியுமா?" என்றேன்.

"எனக்கு லைசென்ஸ் உண்டுப்பா. மூணு வருசமாச்சு."

மூன்று வருடம். அம்மா இறந்த வருடம் எடுத்திருக்கிறாள். ஏன் எடுத்தாள், யாரோடு போனாள், எதை வைத்துச் சுட்டாள், ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. ஒரு வாரம் வருகிறேன் என்று சொன்னது மட்டும் காதில் நின்றது. அம்மாவை அடக்கம் செய்துவிட்டுப் போனபிறகு அவள் இந்த வீட்டில் தொடர்ந்து இரண்டு இரவு தங்கியதில்லை. நான் இதுவரை ஒரு கோழியைக்கூட அறுத்தவன் இல்லை. சரி என்றேன்.

3

துப்பாக்கி உரிமத்துக்கு முதலில் வகுப்பு. நகராட்சிக் கூடத்தில் இரண்டு நாள். என்னைத் தவிர மற்ற எல்லோருக்கும் வயது இருபதுக்குக் கீழே. எழுத்துத் தேர்வில் நான்தான் முதல். நான் வளைகுடாவில் பண்டகசாலைக் காப்பாளனாக இருந்தவன், படிவமும் பட்டியலும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஆனால் விண்ணப்பப் படிவம் என்னை மடக்கியது. குறைந்தது மூன்று வருடமாக உங்களை அறிந்த இரண்டு பேரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதுக என்று ஒரு கட்டம். குடும்பத்து ஆளை எழுதிவிடலாமே என்று பார்த்தால், என்னை அறிந்த குடும்பம் என்று இந்த நாட்டில் இருப்பது மகள்தான். அவளையே சாட்சிக்குப் போட வெட்கமாக இருந்தது. குலசேகரம் சந்தையில் நின்று கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் என்னைப் பிறந்ததிலிருந்து அறிந்த ஆள் ஒருவர் மாட்டுவார். இங்கே பதினேழு வருடம் இருந்துவிட்டு, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன்.

ஒருவர் வால்டர். ஊருக்கு வெளியே நிலம் வைத்திருக்கும் விவசாயி. அவர் மனைவியை ஆஸ்பத்திரியில் லில்லி பார்த்துக்கொண்டதால் பழக்கம். வருடம் ஒருதரம் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு கொண்டுவந்து வாசலில் வைப்பார். இரண்டாவது பெயர் கிடைக்கவேயில்லை. கடைசியில் மருந்துக்கடைக்காரரை எழுதினேன். லில்லியின் நோய்க்காலம் முழுவதும் மருந்தை என் கையில் எடுத்துக் கொடுத்தவர். "என்னை உங்களுக்குத் தெரியும் என்று எழுதிக்கொள்ளலாமா?" என்று கேட்டபோது அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தாராளமாக" என்றார்.

அதே படிவத்தில் இன்னொரு கேள்வி. கடந்த இரண்டு ஆண்டுகளில் பிரிவோ, நெருக்கமான உறவு முறிவோ, வேலை இழப்போ ஏற்பட்டதா? நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். லில்லி போய் இரண்டு வருடம் தாண்டிவிட்டது. 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டேன். அரசாங்கத்துக்கு நான் சரியாகிவிட்டேன். அன்றைக்கு வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை, போகவில்லை.

4

துப்பாக்கி வாங்கும் கதைக்கு முன்னால் செருப்புக் கதை ஒன்று சொல்ல வேண்டும்.

ஜெனிஷா பிறந்தபோது நான் சவுதியில், தம்மாமில் இருந்தேன். அவளுக்கு ஒன்பது வயது ஆகும்வரை அங்கேதான். இரண்டு வருடத்துக்கு ஒருதரம் விடுப்பு. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்து வளைகுடா வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையை வெள்ளைத்தாளில் நிற்கவைத்து, காலைச் சுற்றிப் பேனாவால் வரைந்து, கடிதத்தோடு மடித்து அனுப்புவார்கள். உடுப்புக்கு என்றால் நூல். தோளிலிருந்து முட்டுவரை நூலைப் பிடித்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு உறைக்குள் வைப்பார்கள். அப்பன்மார் அந்தத் தாளையும் நூலையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை கடை கடையாக ஏறுவோம். பக்கத்து அறை நண்பர்களின் பிள்ளைகளுடைய கால்களைக்கூட நான் அடையாளம் சொல்வேன்.

ஒருதடவை சிவப்பு நிறத்தில், மேலே பூ வைத்த ஷூ வாங்கினேன். தாளின்மீது வைத்துப் பார்த்தால் அச்சாகப் பொருந்தியது. ஆனால் தாள் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்ததும் பிள்ளை ஓடிவந்து காலை நுழைத்தாள். குதிகால் வெளியே நின்றது. "கொள்ளும், கொள்ளும்" என்று சொல்லிக்கொண்டே விரலை மடக்கி மடக்கி அழுத்தினாள். அடுத்த நாள் கோயிலுக்கு அதையே போட்டுக்கொண்டு, குதிகாலைப் பின்பக்கத்தில் மிதித்து, தத்தித் தத்தி நடந்தாள். அழவில்லை. அவளுக்கு அப்போது ஐந்து வயது. அடுத்தமுறை நான் உஷாராகப் பெரிதாக வாங்கினேன். அது இரண்டு வருடம் கழித்தும் பெரிதாகவே இருந்தது.

கனடா வந்தபிறகாவது கூட இருந்தேனா என்றால் இல்லை. சலவை அறைக்கு வருமுன் எனக்கு வடக்கே ஒரு சுரங்க முகாமில் பண்டகசாலை வேலை. இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். நான் இல்லாத வாரங்களைப் பார்த்து அவள் வளர்ந்தாள். பதினெட்டில் படிக்கப் போனாள், பிறகு வேலைக்குப் போனாள். என் பிள்ளைக்கு நான் வாங்கிக் கொடுத்த எதுவும் அவளுக்குச் சரியாக இருந்ததில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது, அவள் கையில் எடுத்ததும் பொருந்துகிற மாதிரி ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும் என்ற வெறி எனக்கு இந்த அக்டோபரில் வந்தது.

5

எங்கள் ஊரில் துப்பாக்கி விற்பது இரும்புக்கடையின் பின்பக்கத்தில். ஆணி, பெயின்ட், கழிப்பறைக் குழாய் எல்லாம் தாண்டிப் போனால் சுவர் முழுக்க வரிசையாக நிற்கும். விற்பவர் டோனா என்ற பெண்மணி. ஐம்பது வயதுக்கு மேல், விரல்களில் எண்ணெய்க் கறை. ஊரில் நான் பார்த்தவை காவல் நிலையத்து த்ரீ-நாட்-த்ரீயும், எஸ்டேட் பங்களாவில் ஆணியில் தொங்கிய ஒற்றைக்குழலும்தான். அந்த ஒற்றைக்குழலையும் தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டு ஒப்படைக்க வேண்டும். அதனால் எனக்குத் துப்பாக்கி என்றாலே தேர்தல் ஞாபகம்தான் வரும்.

டோனா மூன்று கேள்வி கேட்டார். என்ன மிருகம்? எவ்வளவு தூரம்? யார் சுடப்போவது?

"மூன்றாவதுதான் முக்கியம். எல்லோரும் முதல் கேள்விக்குத் துப்பாக்கி வாங்குவார்கள். அப்புறம் திருப்பிக் கொண்டுவருவார்கள்" என்றார்.

வால்டர் என்னிடம் தர்ட்டி-ஆட்-சிக்ஸ் வாங்கு என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவர் அப்பாவும் அதுதான், தாத்தாவும் அதுதான். டோனா தோட்டாக்களை மேசையில் நிற்கவைத்து எனக்குப் பாடம் எடுத்தார். தோட்டா என்பது பித்தளைக் குப்பி. அதன் அடியில் தீப்பற்றும் பொட்டு, உள்ளே வெடிமருந்து, வாயில் ஈயமும் செம்புமான குண்டு. பெயரில் இருக்கும் எண் பெரும்பாலும் குண்டின் குறுக்களவு. த்ரீ-நாட்-எயிட்டும் தர்ட்டி-ஆட்-சிக்ஸும் ஒரே பருமன். பின்னதில் குப்பி நீளம், மருந்து கூடுதல், தோளில் விழும் உதையும் கூடுதல்.

"உதைக்குப் பயந்தவர்கள் சுடும்போது கண்ணை மூடுவார்கள். மான் வயிற்றில் காயத்தோடு ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும். சின்னத் தோட்டாவை நெஞ்சில் வைப்பது, பெரிய தோட்டாவை வயிற்றில் வைப்பதைவிட மேல்" என்றார்.

வால்டரின் நிலத்தில் வேலியிலிருந்து மரவரிசை வரை நூற்றைம்பது கஜம்கூட வராது. வெள்ளைவால் மான். அதற்கு இரண்டையும்விடச் சின்னதான டூ-ஃபார்ட்டி-த்ரீ போதும் என்று முடிவானது. அதிலும் இரண்டு விதக் குண்டு. இலேசானது நரிக்கு, மானின் தோள் எலும்பில் பட்டால் மேலேயே சிதறிவிடும். நூறு கிரெயின் எடையுள்ளது மானுக்கு. உள்ளே போய் நெஞ்சைத் தொடும். நூறு கிரெயின் பெட்டி இரண்டு எடுத்துவைத்தேன். என் பண்டகசாலை மூளைக்கு இதெல்லாம் பிடித்திருந்தது.

"சரி, யார் சுடப்போவது?"

"என் மகள்."

"கூட்டிக்கொண்டு வாருங்கள். தோளில் பதிக்கிற கட்டையின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். கையை மடக்கி, முழங்கை மடிப்பில் கட்டையை வைத்தால் விரல் விசையைத் தொட வேண்டும்."

"அவள் இங்கே இல்லை. ஆனால் அளவு கொண்டுவந்திருக்கிறேன்" என்று சொல்லி, பையிலிருந்து அந்தச் சட்டையை எடுத்து மேசைமேல் விரித்தேன்.

நம்மூரில் யாரும் சிரிக்கமாட்டார்கள். தையல்கடைக்கு ஆள் போக வேண்டும் என்று கட்டாயமா? ஒரு பழைய ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்பினால் போதாதா? வீட்டில் நான் தேடியதில் ஜெனிஷாவின் உடுப்பு என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். பிள்ளைகளைச் சபையில் சேர்க்கும் திடப்படுத்தல் ஆராதனைக்கு லில்லி தன் கையால் தைத்த முழுக்கை வெள்ளைச் சட்டை. அப்போது பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. மற்றதையெல்லாம் அவள் கொண்டுபோய்விட்டாள், அல்லது லில்லி யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

டோனாவும் சிரிக்கவில்லை. துப்பாக்கிகளுக்கு நடுவில் கிடந்த அந்த வெள்ளைத் துணியை, கறை படாமல் இரண்டு விரலால் நகர்த்தினார். "மகளுக்கு என்ன வயது?"

"இருபத்தாறு."

அவர் சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சின்ன உருவமா?"

அப்போது நான் யோசித்திருக்க வேண்டும். அடக்கத்தன்று அவள் தடித்த கோட்டில் வந்தாள், தடித்த கோட்டில் போனாள். கை எவ்வளவு நீளம் என்று யார் பார்த்தது? போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். கேட்டால், "எனக்கு ஒண்ணும் வாங்கண்டாம்ப்பா" என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். "சின்னவள்தான். ஓர் அங்குலம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

கடைசியில் கையில் வந்தது கட்டை குட்டையான ஒரு துப்பாக்கி. பதின்பருவப் பிள்ளைகளுக்கென்று செய்தது. எடை குறைவு, மேலே ஸ்கோப் என்கிற குறிக்கண்ணாடி, பார்க்கவும் அழகு. ரசீது எழுதும்போது டோனா, "பொருந்தாவிட்டால் கொண்டுவாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

6

ஜெனிஷா சொன்ன தேதிக்கே வந்தாள். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது அவள் தலை, லில்லியின் படம் மாட்டியிருக்கும் ஆணிக்குமேல் இருந்தது. அந்த ஆணியை நான்தான் என் தலை உயரத்துக்கு அடித்தேன். கோட்டைக் கழற்றினாள். தோள் இரண்டும் இனயம் கடற்கரையில் வள்ளம் இழுக்கிறவர்களுடைய தோள் மாதிரி இருந்தன. தினமும் கம்பத்தில் ஏறுகிற உடம்பு.

துப்பாக்கிப் பெட்டியை ஒளித்து வைத்துவிடலாமா என்று நினைத்தேன். முடியவில்லை. ஒரு மாதமாக மேசைமேல் இருந்த பெட்டி, அவளே பார்த்துவிட்டாள்.

"ஒனக்குத்தான். தொறந்து பாரு."

திறந்தாள். முறைப்படி குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பி, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டுத் தோளில் வைத்தாள். முழங்கை மடங்கி உள்ளே போயிற்று. கட்டைவிரல் மூக்கில் இடித்தது. அவள் உடனே தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"நல்ல லைட்டா இருக்குப்பா. நல்ல சாதனம்" என்றாள்.

சிவப்பு ஷூவைப் போட்டுக்கொண்டு "கொள்ளும், கொள்ளும்" என்றவள் அப்படியே நின்றாள். நான் உலையில் அரிசி போடுவதுபோல் அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன்.

எனக்கு வால்டர் தன் துப்பாக்கியை இரவல் தருவதாக இருந்தது அவளுக்குத் தெரியும். சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னாள். "எங்கிட்ட ஒண்ணு உண்டுப்பா. த்ரீ-நாட்-எயிட். வண்டியில இருக்கு. காலையில நான் அத எடுக்கேன். நீங்க இத எடுங்க. வால்டரோட தோக்கு வேண்டாம், அது ஒங்க தோள ஒடச்சுரும்."

மூன்று வருடமாக அவளிடம் சொந்தத் துப்பாக்கி இருந்திருக்கிறது. அவளுடைய அளவுக்கு அவளே வாங்கியது. நான் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள்.

7

மறுநாள் விடிவதற்கு முன்னால் வால்டரின் வயலில், உருட்டிவைத்த வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். பனியில் குளிர் மூக்குமுடியை விறைக்க வைத்தது. இருவரும் ஆரஞ்சு நிறச் சட்டையில், கோயில் திருவிழாவுக்கு வந்த பந்தல்காரர்கள் மாதிரி. பேசக் கூடாது. எங்களுக்கு அது கஷ்டமாக இல்லை. போனில் பேசாமல் இருப்பதற்கும் ஓர் ஆளின் பக்கத்தில் பேசாமல் இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அவள் மூச்சு வெண்மையாக வந்து என் மூச்சோடு கலந்தது. மான் வராமலே இருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தேன்.

ஆனால் வந்தது. மரவரிசையிலிருந்து ஒரு பெட்டை மான், காதை ஆட்டிக்கொண்டு, நூறு கஜத்தில் வந்து பக்கவாட்டில் நின்றது.

ஜெனிஷா தன் துப்பாக்கியை எடுக்கவில்லை. என் காதருகில் சொன்னாள்: "நீங்க சுடுங்கப்பா. முன்னங்காலுக்குப் பொறத்த, பாதி உயரத்துல. பைய. அவசரம் வேண்டாம்."

வைக்கோல் கட்டின்மேல் சாய்ந்து குறிவைத்தேன். வால்டரோடு போய்ச் சுட்டுப் பழகியபோது அவர் நூறு தடவை சொல்லியிருந்தார், கண்ணுக்கும் குறிக்கண்ணாடிக்கும் நாலு விரல் இடைவெளி வேண்டும், கட்டை தோளில் நன்றாகப் பதிய வேண்டும் என்று. கட்டையோ குட்டை. தடித்த கோட்டில் அது வழுக்கிக் கைப்பக்கம் இறங்கியது. மகள் பார்க்கிறாள், தவறவிடக் கூடாது என்று நான் முகத்தை இன்னும் முன்னால் கொண்டுபோனேன். விசையை அழுத்தினேன்.

சத்தம். நெற்றியில் சுத்தியல் விழுந்த மாதிரி ஓர் அடி. இடது கண்ணுக்கு வயல் வெள்ளையாக, வலது கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிந்தது. மான் நாலு எட்டு வைத்து விழுந்ததை இடது கண்ணால் பார்த்தேன்.

ஜெனிஷா மானைப் பார்க்கவில்லை. துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கழுத்துத்துணியை உருவி என் புருவத்தில் அழுத்தினாள். இன்னொரு கையால் என் பிடரியைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் லில்லி பிடிக்கிற அதே பிடி.

"அனங்காதிங்க, தலைய ஆட்டாதிங்க. ஸ்கோப்பு வெட்டீட்டு. ஆழமில்ல. கண்ணு தெரியுதா?"

"தெரியுது."

"எத்தன விரலு?"

"ரெண்டு."

அவள் மூச்சு விட்டாள். துணியை எடுத்துப் பார்த்தாள், மறுபடி அழுத்தினாள். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, இந்தத் தோக்கு ஆருக்கு வாங்குனிய?"

"ஒனக்குத்தான்."

"எந்த வயசுல உள்ள எனக்கு?"

அளவுச் சட்டைக் கதையைச் சொன்னேன். கடை மேசையில் விரித்தது, டோனா பார்த்த பார்வை, ஓர் அங்குலம் கூட்டச் சொன்னது எல்லாம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். என் நெற்றியில் கையை வைத்தபடியே அவள் அழுதாள். நானும் அழுதேன். அறுபத்தொரு வயதில், வைக்கோல் கட்டுக்குப் பின்னால், ஆரஞ்சுச் சட்டையில். மான் நூறு கஜத்துக்கு அப்பால் எங்களுக்காகக் காத்துக் கிடந்தது.

பிறகு மானை அவள்தான் கீறி குடலை எடுத்தாள். நான் காலைப் பிடித்துக்கொண்டேன். குண்டு நெஞ்சுக்குள்தான் போயிருந்தது. தோட்டா விஷயத்தில் டோனாவும் நானும் தவறு செய்யவில்லை.

8

ஒரு வாரம் என்று வந்தவள் மூன்றாம் நாளே போக வேண்டியதாயிற்று. வடக்கே பனிமழை, கம்பிகள் அறுந்து ஊர்கள் இருட்டில் இருக்கின்றன என்று அழைப்பு வந்தது. அதற்குள் தேங்காய் வறுத்தரைத்து ஒரு குழம்பு வைத்தோம், வால்டருக்கு ஒரு பின்னங்கால் கொடுத்தோம், மருந்துக்கடைக்காரருக்கும் ஒரு பொதி. அவர் மறுபடியும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

அந்தக் குட்டைத் துப்பாக்கியை டோனாவிடம் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"அது இங்க இருக்கட்டு. அத ஏன் குடுக்கணும்?" என்றாள்.

வண்டியைச் சூடாக்கி, சாமான்களை ஏற்றி, வாசல்வரை வந்துவிட்டாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி உள்ளே வந்தாள். கோட்டைக் கழற்றினாள். உள்ளே போட்டிருந்த கட்டம் போட்ட கம்பளிச் சட்டையையும் கழற்றி, பனியனோடு நின்று, அதை என் கையில் வைத்தாள்.

"அளவுக்கு வச்சிக்கிடுங்க" என்றாள்.

மறுபடி கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றேன். எதிர்வீட்டுக்காரர் கையாட்டினார். உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். எந்திரங்களின் சத்தம் இல்லாத வீடு சலவை அறையைவிட மோசம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சட்டையில் வைக்கோல் வாசனையும் எண்ணெய் வாசனையும் இருந்தன. மேசைமேல் விரித்தேன். பக்கத்தில் அந்த வெள்ளைச் சட்டையை விரித்தேன். லில்லியின் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்து, கம்பளிச் சட்டையின் கையைத் தோளிலிருந்து மணிக்கட்டுவரை பிடித்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டேன். பிறகு அந்த நூலை என் கைமீது வைத்துப் பார்த்தேன். என் கையைவிட இரண்டு விரற்கடை நீளம்.